மூன்றாம் ஓலை

அப்பா கனைக்கிறார். பாடகர் குழுவில் பாஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர்கள் பாட்டுக்கு முன்னால் கனைத்துக்கொள்வது உண்டுதான், ஆனால் இப்போது பாட்டு எதுவும் இல்லையே, முதல் வேதபாடம் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், இதில் கனைக்க என்ன இருக்கிறது. எழுந்து பேசத் தொண்டையைத் தயார் பண்ணுகிறாரோ. இருக்காது. இன்னும் இரண்டாம் பாடம் இருக்கிறது, விசுவாசப் பிரமாணம் இருக்கிறது, அதன் பிறகு அறிவிப்புகள், அறிவிப்புகளின் கடைசியில்தான் எங்கள் ஓலை. மூன்றாம் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் கோயிலில் வாசித்து, தடை சொல்ல யாராவது இருக்கிறீர்களா என்று சபையைக் கேட்பார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். பாளையங்கோட்டையில் இதே கோயிலில்தான் வளர்ந்தேன், எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன், அந்தக் கேள்வி வரும்போது பெண்கள் பக்கம் யாராவது விசிறிக்கொள்வார்கள், ஏதாவது ஒரு பிள்ளை அழும், எங்கள் போதகர் ஐயரவாள் அடுத்த தாளைப் புரட்டுவார், அவ்வளவுதான். ஆனால் அப்பா சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளிவிட்டுச் சொல்லியிருக்கிறார். "மூணாம் ஓலை வாசிக்கட்டும். நானே எந்திரிச்சு நின்னு தடை சொல்லுதேன். பெத்த தகப்பன் சொன்னா செல்லும்லா." ஞானசிகாமணி சொன்னால் சொன்னதுதான். மின்வாரியத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க அப்படித்தான் பெயர் எடுத்தார். லைனில் கரண்ட் இல்லை என்று வேறொருவன் சொன்னால் நம்ப மாட்டார், தானே போய் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கம்பத்தில் ஆளை ஏற்றுவார். அவர் வெள்ளை அங்கியோடு பலிபீடத்துப் பக்கம் சபையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில். தலையைத் தூக்கினால் அவர் முகம், குனிந்தால் என் முழங்கால். அம்மா விலாவில் இடிக்கிறாள். "ஏட்டி ஹெப்சி, முக்காட்ட இழுத்து விடு, எல்லாரும் ஒன்னத்தான் பாக்காவ." எல்லாரும் பார்ப்பது கல்யாணப் பெண்ணை. அவர்களுக்கு வேறொன்றும் தெரியாது.

எங்கள் கோயிலில் ஓலையோடு படிப்பையும் வேலையையும் சேர்த்து வாசிக்கிற வழக்கம் ஒன்று உண்டு. சபைச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பெருமைக்காரத் தகப்பன் ஆரம்பித்து வைத்தது, இப்போது வேலையை வாசிக்காவிட்டால் பையன் சும்மா இருக்கிறான் என்று அர்த்தமாகிவிடும். ஞானசிகாமணி குமாரத்தி டாக்டர் ஹெப்சிபா எம்.டி., தோல் மருத்துவர், சென்னை. மாப்பிள்ளை டாக்டர் ரெக்ஸ் ஜெயசிங் எம்.எஸ்., அறுவை மருத்துவர், நியூசிலாந்து. முதல் ஓலை அன்று ஐயரவாள் நியூசிலாந்து என்பதை எவ்வளவு ருசித்து வாசித்தார், பின் பெஞ்சில் ஒரு அக்கா "எம்மாடி" என்றாள், அப்பாவுக்கு அங்கிக்குள்ளேயே நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது. அன்றைக்கு மத்தியானம்தான் நானும் ரெக்ஸும் சொன்னோம். ரெக்ஸ் திருச்செந்தூர் ரோட்டிலிருந்து புழுதியோடு வந்து, பாவம், நின்றபடியே சொன்னான். நியூசிலாந்தில் கிடைத்திருக்கிற வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டோம், ஜவ்வாது மலையில் இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், இரண்டு பேரும். அப்பா முதலில் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். பிறகு தட்டைத் தள்ளினார். "மிஷன் சோறு நான் தின்னாச்சு. போர்டிங்ல புழு மெதக்கிற கோதுமக் கஞ்சிய மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சேன். யாரோ வெள்ளக்காரன் அனுப்பிவிட்ட பழைய சட்டைய, பொத்தான் இல்லாம, கையக் கொண்டு மூடிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். எம்பிள்ள அத திரும்பத் தின்னக் கூடாதுன்னுதான ஒன்ன டாக்டராக்குனேன்." அந்தக் கஞ்சியைப் பற்றி அவர் அதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மிஷன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து துப்புகிற மாதிரிச் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அம்மா மூலமாகத்தான். போன வாரம் இரண்டாம் ஓலை, அதிலும் அதே நியூசிலாந்து. அந்த ஊர்ப் பேரையாவது எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று அம்மா கேட்டதற்கு, "நான் எழுதிக் குடுத்தத நான் மாத்த மாட்டேன்" என்றார். வியாழக்கிழமை ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டம் என்று பையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனவர் நேற்று பொழுது சாய்ந்துதான் வந்தார், வந்த வேகத்தில் படுத்துவிட்டார். மதுரையில் அவ்வளவு நாள் என்ன கூட்டமோ. வக்கீலைப் பார்த்திருப்பாரோ. ஓலையில் தகப்பன் தடை சொன்னால் என்ன ஆகும் என்று யாரிடமாவது கேட்டிருப்பார். கேட்காமல் எதையும் செய்கிற ஆள் இல்லை அவர்.

அப்பா ஷூவைத் துடைக்கவில்லை. இதென்ன அதிசயம், பாடகர்களில் இவர் ஷூதான் எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்கும், சனிக்கிழமை சாயங்காலம் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவார். இன்றைக்கு ஓரமெல்லாம் செம்மண் காய்ந்து அப்பியிருக்கிறது. மதுரையில் ஏது இவ்வளவு செம்மண், எங்கேயாவது ரோடு தோண்டியிருப்பார்கள். என் கண்ணுக்குத் தோல், நிறம், கறை, இதுதான் முதலில் படும், தொழில் அப்படி. சென்னை கிளினிக்கில் ஏசி குளிரில் வாசனைத் திரி எரியும், வரவேற்பில் இருக்கிற பெண்கள்கூட விமானப் பணிப்பெண்கள் மாதிரி நடப்பார்கள், கல்யாணப் பெண்கள் வரிசையாக வருவார்கள். டாக்டர், முகூர்த்தத்துக்குள்ள ரெண்டு ஷேடு கூட்டிருங்க. நான் கூட்டிக் கொடுத்தேன். நன்றாகவே கூட்டிக் கொடுத்தேன், கைராசிக்காரி என்று பெயர். அது பாவம் என்றெல்லாம் இப்போதும் சொல்ல மாட்டேன், கறுப்பாகப் பிறந்துவிட்டதற்கு மாமியாரிடம் பேச்சுக் கேட்கிற பெண்ணிடம் போய் நான் பிரசங்கம் பண்ண முடியாது. எனக்கும் ஏசி பிடிக்கும். கஞ்சி போட்டு முறுக்காக இஸ்திரி பண்ணின சேலை பிடிக்கும். காலையில் பொத்தானை அழுத்தினால் காப்பி தருகிற மிஷினை முதல் சம்பளத்தில் வாங்கி அதைத் தடவித் தடவிப் பார்த்தவள் நான். இப்படிப்பட்டவளைப் பிடித்து ஜவ்வாது மலையில் வைத்தால் என்ன ஆகும். அங்கே ஒரு தோல் முகாமுக்கு இரண்டு நாள் வா என்று ரெக்ஸ் கூப்பிட்டான், நிச்சயம் முடிந்த புதிது, அவனோடு ஒரு பயணம் என்ற ஆசையில்தான் போனேன், இதையும் மறைக்க வேண்டியதில்லை. அங்கே பச்சையம்மாள் வந்தாள். தொழுநோய் ஆறி வருஷக்கணக்கு ஆகிவிட்டது, ஆனால் பாதத்தில் உணர்ச்சி செத்துப்போனவள், ஒரு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் நடந்து வந்தாள், செருப்பைக் கழற்றச் சொன்னால் கழலவில்லை. கூரைத் தகரத்துக்கு அடிக்கிற ஆணி ஒன்று செருப்பையும் காலையும் சேர்த்துத் தைத்திருந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. அதோடு எவ்வளவு தூரம் நடந்தாளோ. நான் தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்து ஆணியைப் பிடுங்கினேன், கழுவினேன், கட்டுப் போட்டேன், அவள் சுவரில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாள், வலிக்கிறதா என்று கேட்டதற்கு, அது எங்க வலிக்கப் போவுது என்று சிரித்தாள். பிறகு கேட்டாள். "நாளைக்கும் நீதான் இருப்பியா?"

இருப்பேன் என்றேன். வாயில் வந்துவிட்டது. நோயாளி கேட்டால் எந்த டாக்டரும் சொல்கிறதுதான். மறுநாள் காலையில் ஜீப்பில் ஏறினேன். வளைவுக்கு வளைவு அந்தக் கேள்வி கூடவே வந்தது. அவளுக்குக் கட்டு மாற்ற அங்கே நர்ஸம்மா இருக்கிறார்கள், யார் மாற்றினாலும் புண் ஆறும், நீ பெரிய இவளா என்று என்னையே திட்டிக்கொண்டு பார்த்தேன். நாளைக்கும் நீதான் இருப்பியா. சமவெளி வந்து டீக்கடையில் ஜீப்பை நிறுத்தியபோது நான் ரெக்ஸிடம் சொன்னேன், நாம் இங்கேயே வந்துவிட்டால் என்ன. அவன் டீயை வாயில் வைத்தவன் அப்படியே நின்றான். "நான் ஒரு மாசமா இதச் சொல்லப் பயந்துகிட்டு இருக்கேன் ஹெப்சி. சொன்னா நீ கல்யாணத்தயே நிறுத்திருவன்னு நெனச்சேன்." சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அவ்வளவுதான் எங்கள் கதை. இதில் வெளிச்சம் எங்கே வந்தது, சத்தம் எங்கே கேட்டது. கன்வென்ஷன் ஜெபக் கூட்டங்களில் மேடையேறிச் சாட்சி சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இன்ன தேதி, இன்ன இடம், ஆண்டவர் என் பெயரைச் சொல்லி அழைத்தார் என்று கண்ணீரோடு சொல்வார்கள். மலை ஆஸ்பத்திரி நேர்காணலில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார், "அழைப்பு எப்ப கெடச்சுதும்மா?" நான் யோசித்துவிட்டு, "ஜீப்புல வரும்போது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஆனால் அது அழைப்புதானா, இல்லை வெறும் இரக்கமா, இல்லை பொய் சொல்லிவிட்ட உறுத்தலா, இல்லை ரெக்ஸ் மீதுள்ள ஆசையா. இரக்கம் எத்தனை மழைக்காலம் தாங்கும். ரெண்டு வருஷத்தில் சலித்துப்போய், கூடப் படித்தவர்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் நின்று அனுப்புகிற படங்களைப் பார்த்து வயிறு எரிந்து, அந்தக் கோபத்தையெல்லாம் ரெக்ஸ் மேல் கொட்டுகிற ஒருத்தியாக ஆகிவிட்டால். பிள்ளைகள் பிறந்தால் எங்கே படிக்கும். அம்மாவுக்கு முட்டுவலி, அந்த வளைவுகளில் எப்படி ஏறி வருவாள். அங்கே பாம்பு வேறு உண்டாம். விசுவாசப் பிரமாணம் சொல்ல எழும்புகிறோம், என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகிறது, உதட்டுக்கும் மனசுக்கும் இன்றைக்குச் சம்பந்தம் இல்லை. இன்னொன்று இருக்கிறது, அதை நேற்றுப் படுக்கையில்தான் கண்டுபிடித்தேன். அப்பா தடை சொல்லிவிட்டால் நல்லது என்று எனக்குள் ஒரு ஓரத்தில் ஒருத்தி உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா நிறுத்திவிட்டார், நான் என்ன செய்ய, என்று சொல்லிவிடலாம் அல்லவா. காப்பி மிஷினும் போகாது, நல்ல பிள்ளை என்ற பெயரும் போகாது. பழி முழுக்க அப்பா தலையில். அந்த ஒருத்தியை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவளை வெளியே போகச் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

உட்கார்ந்தாயிற்று. ஐயரவாள் தாள்களோடு வருகிறார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் செவ்வாய்க்கிழமை. அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் காய்கறி கொண்டுவருகிறவர்கள் முந்தின நாளே கொண்டுவந்துவிட வேண்டும், போன வருஷம் மாதிரி ஆராதனை நடுவில் ஆட்டுக்கிடாவை இழுத்துக்கொண்டு வரக் கூடாது. சபை சிரிக்கிறது. வாசிங்க ஐயரவாள், சீக்கிரம் வாசிங்க. இல்லை, மெதுவாகவே வாசிங்க, அந்த ஆட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க. கல்லறைத் தோட்டத்துச் சுவர் வேலை. வாலிபர் ஜெபக் கூட்டம். ரெக்ஸுக்கு அவன் ஊர்க் கோயிலில் இந்நேரம் வாசித்து முடித்திருப்பார்கள், அவன் நிம்மதியாகப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருப்பான், கொடுத்து வைத்தவன். அம்மா என் கையைப் பிடிக்கிறாள். "திருமண அறிவிப்பு. மூன்றாம் முறை." அப்பா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைக்கிறார். நமது சபையைச் சேர்ந்த ஞானசிகாமணி குமாரத்தி. என் பெயர் மைக்கில் வேறு யாருடைய பெயரோ மாதிரிக் கேட்கிறது. நியூசிலாந்து. இந்த இருவருக்கும் விவாகம் நடப்பதற்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே தெரிவிக்கலாம். விசிறி. ஒரு பிள்ளையின் அழுகை. தாள் புரளப் போகிறது, புரளப் போகிறது. அப்பா எழுந்தார். அங்கியின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராக, வாரியத்தில் பெரிய அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். பெண்கள் பக்கம் ஒரு மூச்சு இழுபட்டது, அது அம்மாவுடையது. எனக்குள் அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தவளைத் தேடினேன், இதோ நீ கேட்டது வந்துவிட்டது, எடுத்துக்கொள் என்று சொல்ல. அவளைக் காணோம். ஆளே இல்லை. வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா என்றுதான் தொண்டைக்குள் வந்தது. அங்க மலையில ஒருத்தி வழி பாத்துக்கிட்டு இருப்பா, நான் இருப்பேன்னு சொல்லிட்டேன், அத எங்கிட்ட இருந்து எடுத்துராதிங்க. அப்படி ஒரு பயம். வீடு பற்றி எரியும்போது உள்ளே ஓடிப்போய் எதைத் தூக்குவோமோ அதுதான் நமக்கு வேண்டியது, எனக்கு அந்த மலைதான் கைக்கு வந்தது. பாம்பும் மழையும் சலிப்பும் எல்லாமாகச் சேர்த்து அதுதான் வந்தது. அதற்குள் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஐயரவாள், தடை இல்ல. திருத்தம்." மைக் இல்லாமலே அவர் குரல் பின் சுவர் வரை போகும், பாஸ் அல்லவா. "வேலை தப்பா இருக்கு. நான் எழுதிக் குடுக்கயில அது சரி. இப்பம் சரியில்ல. ரெண்டு வாட்டி தப்பா வாசிச்சாச்சு, மூணாவது வாட்டியும் கர்த்தர் வீட்டுல தப்பா வாசிக்கக் கூடாது. மாப்பிள்ள நியூசிலாந்துல இல்ல. எம்மவ மெட்ராஸ்ல இல்ல. ரெண்டு பேரும் ஜவ்வாது மலையில மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போறாவ. நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துதான் சொல்லுதேன். ஆஸ்பத்திரி இருக்கு. கரண்ட்டுதான் சரியில்ல, வயரிங் மோசம், அத நான் போய்ப் பாத்துக்கிடுதேன். மிஷன் ஆஸ்பத்திரின்னு வாசிங்க." செம்மண். வியாழக்கிழமை. மதுரையும் இல்லை, சங்கமும் இல்லை, வக்கீலும் இல்லை, அந்த வளைவுகளில் தனியாக பஸ்ஸில் ஏறிப்போய், யாரிடமும் சொல்லாமல், டெஸ்டரையும் பையில் வைத்துக்கொண்டுதான் போயிருப்பார், என் அப்பா. மிஷன் என்ற சொல்லை இந்தத் தடவை அவர் துப்பவில்லை. ருசிக்கவும் இல்லை. ஒரு ஊர்ப் பெயரைச் சொல்கிற மாதிரிச் சொன்னார், அது எனக்குப் போதும், அது எனக்கு மிகவும் போதும். ஐயரவாள் பேனாவைத் தேடினார், கிடைக்கவில்லை, சரி என்று வாயாலேயே திருத்தித் திரும்ப முழுக்க வாசித்தார். இருவரும் மிஷன் ஆஸ்பத்திரி, ஜவ்வாது மலை. பின் பெஞ்சு அக்கா இந்தத் தடவை "எம்மாடி" என்று சொல்லவில்லை. தடை அறிந்தவர்கள் இருந்தால். விசிறி. ஒன்றும் இல்லை. தாள் புரண்டது. எனக்குத் தலையிலிருந்து கால் வரை ஏதோ இறங்கிப் போய்விட்டது, கட்டியிருந்தது அவிழ்ந்த மாதிரி இருந்தது, கண்ணில் தண்ணீர், மூக்கிலும் தண்ணீர், கைக்குட்டை இல்லை, கஞ்சி போட்ட சேலைத் தலைப்பால் துடைத்தால் கன்னம் எரிகிறது. அம்மா என் சேலையைப் பிடித்து இழுக்கிறாள். "ஏட்டி. ஏட்டி, உக்காரு." என்ன உட்கார. அப்போதுதான் தெரிந்தது, கோயில் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, நான் மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன். அப்பா எழுந்தபோதே எழுந்திருக்க வேண்டும், எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. எதிரே அவரும் இன்னும் நிற்கிறார். என்னைப் பார்க்கிறார். நான் எதற்காக எழுந்தேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது, அந்த முகம் எனக்குத் தெரியும், சிரிப்பை மீசைக்குள் அடக்குகிற முகம். உள்ளங்கையைக் கீழே காட்டி, உட்கார் என்றார். இரண்டு வாரத்தில் அப்பா என்னோடு பேசிய முதல் பேச்சு அது. நான் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.